யாரும் தொடாமலே உலாவி திறந்து, தெரியாத தளங்களைக் காட்டுகிறது: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

திருப்பூர்க் கணக்கர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பனியன் கம்பெனிகளிடமிருந்து ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் வேலைகளை ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்யும் சிறிய யூனிட் ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. டெலிவரி சலான், பில், இ-வே பில், மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் போடவேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்), வங்கிக் கணக்கு பார்ப்பது என எல்லாமே அதில்தான் நடக்கின்றன. விண்டோஸ் 10, குரோம் உலாவி, டேலி ஆகியவை அதில் உள்ளன.

சுமார் மூன்று வாரங்களாகக் குரோம் தானாகவே திறந்துகொண்டு, நாங்கள் கேள்விப்பட்டே இராத தளங்களைக் காட்டுகிறது. ஒருமுறை ரம்மி விளையாட்டு வரும். இன்னொரு முறை பரிசு விழுந்திருப்பதாக வரும். வேறொரு முறை கணினியில் வைரஸ் இருப்பதாகச் சிவப்புப் பலகை ஒன்று வந்து சைரன் ஒலிக்கும். போன சனிக்கிழமை மாலை சம்பளப் பட்டியலை நான் வாசிக்க, முதலாளி பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது அந்தச் சைரன் அலறியது. "கணக்குப் போடற மெசின்ல என்னங்க தம்பி சீட்டாட்டம்?" என்று முதலாளி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உலாவல் வரலாற்றை அழித்துப் பார்த்தேன். ஆன்டிவைரஸ் மூலம் முழுச் சோதனை செய்தபோது எதுவும் இல்லை என்றே வந்தது. குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன்; அன்றைக்கே திரும்ப வந்தது. பிறகு இரண்டு நாள் குரோமே இல்லாமல் இருந்து பார்த்தபோது அதே வகைத் தளங்கள் எட்ஜ் உலாவியில் திறந்தன. அருகிலுள்ள கடையில் கேட்டதற்கு, ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். அப்படியே செய்தாலும், எதனால் வந்தது என்று தெரியாமல் செய்தால் அடுத்த மாதம் மறுபடி வராது என்பதற்கு என்ன உறுதி? காரணத்தை முறையாகத் தேடிக் கண்டுபிடிக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஈரோடு சர்வீஸ்காரர்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. குரோமை எடுத்த பிறகு எட்ஜில் திறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த ஒரு வரியை வைத்தே குரோமையும் அதன் நீட்டிப்புகளையும் (உலாவியோடு சேர்க்கும் துணை நிரல்கள்) சந்தேகப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடலாம். குரோமில் ஒட்டிக்கொண்ட நீட்டிப்பு குரோமுக்குள் மட்டுமே வேலை செய்யும். குரோம் இல்லாத கணினியில் எட்ஜைத் திறக்க அதனால் முடியாது. உங்கள் கணினியில் உலாவிக்கு வெளியே வேறு ஏதோ ஒன்று இருந்துகொண்டு, "இந்த முகவரியைத் திற" என்று விண்டோஸுக்குச் சொல்கிறது. விண்டோஸ் அந்த நேரத்தில் இயல்பு உலாவியாக எது இருக்கிறதோ அதைத் திறந்து கொடுக்கிறது. ஆகவே உலாவியை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது.

இந்த வகைத் தொல்லையோடு கடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எப்போது வருகிறது என்பதைத்தான். ஏதாவது ஒரு தளத்தில் எங்கேயோ சொடுக்கும்போது பக்கத்தில் புதிய தாவல் திறந்தால், அந்தத் தளத்தின் விளம்பரமோ உலாவியின் நீட்டிப்போ காரணமாக இருக்கும். உலாவியைத் திறந்த முதல் நொடியிலேயே அந்நியத் தளம் வந்தால், தொடக்கப் பக்கத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது டெஸ்க்டாப்பில் உள்ள குறுக்குவழியின் டார்கெட் பெட்டியில் உலாவியின் பெயருக்குப் பின்னால் ஒரு முகவரியை ஒட்டவைத்திருக்கிறார்கள். திரையின் வலது கீழ் மூலையில் சிறு பெட்டிகள் வந்து, அவற்றைத் தொட்டால் தளம் திறக்கிறது என்றால், அது வைரஸே அல்ல. என்றைக்கோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது நாம் அனுமதி கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான். உலாவி மூடியிருக்கும்போதே தானாகத் திறப்பது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அதற்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓடவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் பதிந்துவைத்த ஒரு வேலையோ, கணினி தொடங்கும்போதே ஓடத் தொடங்கும் ஒரு நிரலோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஆகவே இன்று எதையும் நீக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக் கணினிப் பக்கத்தில் வையுங்கள். தளம் திறக்கும் ஒவ்வொரு முறையும் மணியையும் நிமிடத்தையும் எழுதுங்கள். அந்த நேரத்தில் உலாவி திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்றும் குறியுங்கள். அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசிகளில் இதே தொல்லை உண்டா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சித் தோப்புக்காரர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே தொல்லை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இருக்கிறது. தேங்காய் விலை பார்க்க ஒரு தளத்துக்குப் போனதிலிருந்து நாளுக்கு இருபது முறை அறிவிப்பு வருகிறது. தொட்டால் கடன் தருகிறோம் என்று ஏதோ திறக்கிறது. நானும் நேரத்தைக் குறிக்க வேண்டுமா?

ஈரோடு சர்வீஸ்காரர்

தேவையில்லைங்க ஐயா. உங்களுடையது நான் மேலே சொன்ன அறிவிப்புத் தொல்லை. கைப்பேசிக் குரோமின் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற பகுதிக்குப் போனால், அனுமதி பெற்ற தளங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். தெரியாதவற்றை எல்லாம் அணைத்துவிடுங்கள். அப்படியும் திரை முழுவதும் விளம்பரம் வந்தால், பிற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதியை எந்தச் செயலி வாங்கி வைத்திருக்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட் செயலிக்கு அந்த அனுமதி எதற்கு?

திருப்பூர்க் கணக்கர்

அண்ணா, நீங்கள் சொன்னபடி இரண்டு நாள் எழுதிவைத்தேன். பார்த்ததும் எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. காலை 9.37, 10.07, 10.37, 11.07 என்று வரிசையாக, ஒவ்வொரு மணியிலும் 7ஆவது நிமிடத்திலும் 37ஆவது நிமிடத்திலும் மட்டுமே வந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது உலாவியை மூடிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது 1.07க்கும் 1.37க்கும் உரிய இரண்டு தாவல்கள் திறந்திருந்தன. தளம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது, ஆனால் நிமிடம் மாறுவதில்லை. முதலாளியின் கைப்பேசி, என் கைப்பேசி இரண்டிலும் எந்தத் தொல்லையும் இல்லை.

ஈரோடு சர்வீஸ்காரர்

அரை மணிக்கு ஒருமுறை, நிமிடம் தவறாமல் வருகிறது என்றால் டாஸ்க் ஷெட்யூலரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொடக்கப் பட்டியில் அதன் பெயரை எழுதித் திறந்துகொள்ளுங்கள். இடதுபக்கம் உள்ள கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டாம். அங்கே விண்டோஸின் சொந்த வேலைகளே நூற்றுக்கு மேல் இருக்கும், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். முதலில் திறக்கும் முகப்புப் பக்கத்திலேயே கீழே ஆக்டிவ் டாஸ்க்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் நெக்ஸ்ட் ரன் டைம் என்ற தலைப்பைச் சொடுக்கினால், அடுத்து எந்த வேலை எப்போது ஓடப்போகிறது என்று நேர வரிசையில் அடுக்கிக் காட்டும். இப்போது மணி 10.20 என்றால், 10.37 என்று எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த வரியை இருமுறை சொடுக்கி, ஆக்‌ஷன்ஸ் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள். ட்ரிக்கர்ஸ் பகுதியையும் பாருங்கள். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்; இப்படிப்பட்டவை அப்டேட் என்றோ, சவுண்டு டிரைவர் என்றோ நல்ல பெயரைத்தான் வைத்துக்கொள்ளும். எழுதி முடித்த பிறகு அதை டிசேபிள் மட்டும் செய்யுங்கள், அழிக்க வேண்டாம். அழித்துவிட்டால் அடுத்து எதைத் தேடுவது என்பதற்குத் தடயம் இராது.

அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும், ஓடும் நிரல்களைப் பதிவுசெய்யும் ப்ராசஸ் மானிட்டரை 10.35க்கு ஓடவிட்டு, 10.38க்கு நிறுத்தி, அதன் ப்ராசஸ் ட்ரீயைப் பாருங்கள். ஒரு நொடி தோன்றி மறைந்துபோன நிரல்களும் அந்த மரத்தில் இருக்கும். உலாவியை எது கிளப்பியது என்பது கிளையோடு தெரிந்துவிடும்.

திருப்பூர்க் கணக்கர்

கிடைத்துவிட்டது, அண்ணா. ஏதோ சிஸ்டம் அப்டேட் என்பது போல ஒரு பெயர். ட்ரிக்கர்ஸ் பகுதியில், தினமும் காலை 9.07க்குத் தொடங்கி 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய் என்று இருந்தது. ஆக்‌ஷன்ஸ் பகுதியில் சிஎம்டி என்ற கருப்புத் திரை நிரலின் பெயரும், அதற்குப் பின்னால் ஸ்டார்ட் என்ற சொல்லும், அதற்கும் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான இணைய முகவரி ஒன்றும் இருந்தன. அந்த ஒரே முகவரிதான் ஒவ்வொரு முறையும் நம்மை வேறு வேறு தளத்துக்குத் தள்ளிவிடுகிறது என்று நினைக்கிறேன். டிசேபிள் செய்த பிறகு அன்று மாலை வரை ஒன்றும் வரவில்லை. முதலாளி எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் இன்று காலை கணினியைப் போட்டதும் 9.37க்குச் சரியாக ரம்மி வந்துவிட்டது. திறந்து பார்த்தால், நான் முடக்கிவைத்த அதே வேலை அதே பெயரில் மறுபடி உயிரோடு நிற்கிறது.

கோவை நெட்ஒர்க் அம்மணி

கோவையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்பவள் நான். ஈரோட்டு அண்ணன் சொன்னவை எல்லாம் சரியே. அவர் அடுத்துச் சொல்லவிருப்பதை நான் முந்திக்கொண்டு சொல்கிறேன். முடக்கிய வேலை காலையில் திரும்ப உயிர்பெறுகிறது என்றால், கணினி தொடங்கும் நேரத்தில் ஓடும் இன்னொரு நிரல் அதை மறுபடி எழுதிவைக்கிறது. உங்கள் கையில் அகப்பட்டது வேலைக்காரன் மட்டுமே.

இதைத் தேடுவதற்கு, தானாகத் தொடங்கும் நிரல்களை எல்லாம் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் சேர்ந்து நடத்திய சிஸ்இன்டர்னல்ஸை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்தத் தொகுப்பில் உள்ளதுதான் இது. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள், ஏனென்றால் பெயரைத் தேடினால் முதலில் விளம்பரமாக வரும் போலிகளும் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டு, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கச் சொன்னால், பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாதவை இளஞ்சிவப்பிலும், சுட்டும் கோப்பே இல்லாதவை மஞ்சளிலும் தெரியும். லாகான் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஐயம் உள்ள வரியின் பக்கத்தில் இருக்கும் டிக் குறியை எடுத்தாலே போதும், அது அடுத்த முறை ஓடாது. தவறாக எடுத்துவிட்டால் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இளஞ்சிவப்பாக இருப்பவை எல்லாம் திருட்டு நிரல்கள் அல்ல. எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழைய பிரிண்டரின் நிரலை இப்படி ஆத்திரத்தில் எடுத்துவிட்டு, ஹால் டிக்கெட் அச்சிடும் நாளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெயர், கோப்பு இருக்கும் இடம், கோப்பு உருவான தேதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

திருப்பூர்க் கணக்கர்

அக்கா, நன்றி. லாகான் பகுதியில் இரண்டு வரிகள் எனக்குப் புரியவில்லை. ஒன்று இஎம்சைனர் என்று இருக்கிறது. இன்னொன்று ஆடியோ சம்பந்தப்பட்டது போன்ற பெயரோடு இருக்கிறது, ஆனால் வெளியீட்டாளர் என்ற இடம் காலியாக இருக்கிறது. அது ஸ்கிரிப்ட்களை ஓட்டும் விண்டோஸின் டபிள்யூஸ்கிரிப்டை அழைத்து, ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் கோப்புறையில் உள்ள ஒரு விபிஎஸ் (ஸ்கிரிப்ட்) கோப்பை ஓடவைக்கிறது.

கோவை நெட்ஒர்க் அம்மணி

இஎம்சைனரைத் தொடாதீர்கள் தம்பி! ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்காக உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தார் நிறுவியதாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் கையொப்பம் விழாது.

இரண்டாவதுதான் நாம் தேடியது. உண்மையான ஆடியோ டிரைவர் ரோமிங் கோப்புறையில் விபிஎஸ் கோப்பாக உட்கார்ந்திருக்காது. ஆன்டிவைரஸ் ஏன் பிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: டபிள்யூஸ்கிரிப்ட், சிஎம்டி, டாஸ்க் ஷெட்யூலர் மூன்றும் விண்டோஸின் சொந்தச் சாமான்கள், இணைய முகவரியைத் திறப்பதும் குற்றமான செயல் அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பழுது சொல்ல முடியாத துண்டுகளைக் கோத்துத்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

டிக் குறியை எடுத்த பிறகு அந்த விபிஎஸ் கோப்பை இருமுறை சொடுக்கிவிடாமல், வலது சொடுக்கில் ப்ராப்பர்டீஸ் திறந்து, உருவான தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பிறகு டவுன்லோட்ஸ் கோப்புறையைத் தேதிவாரியாக அடுக்கி, அதே நாளில் என்ன இறங்கியது என்று பாருங்கள். உங்கள் முதல் கேள்வி "எதனால் வந்தது" என்பதல்லவா, அதற்கு விடை அங்கேதான் இருக்கும்.

கரூர் வாசகர்

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினி அது. விளம்பரம் காட்ட ஒரு நிரல் உள்ளே வந்திருக்கிறது என்றால், கடவுச்சொல் திருட இன்னொன்று வந்திராது என்று யார் உறுதி சொல்வது? கடைக்காரர் சொன்ன ஃபார்மேட்தான் சரி. மேலும் ரூட்டரையும் சந்தேகப்பட வேண்டும். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித்தரும் அமைப்பு) மாறியிருந்தாலும் வேறு தளத்துக்குத்தானே போகும்?

கோவை நெட்ஒர்க் அம்மணி

ரூட்டரைச் சந்தேகிப்பது தவறல்ல. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளைப் பிடித்து, முகவரி கேட்கும் இடத்தையே மாற்றிவிட்டது; 2011 நவம்பரில் அந்தக் கும்பல் பிடிபட்ட பிறகும், அதுவரை அந்தப் போலி சர்வர்களையே நம்பியிருந்த கணினிகளுக்கு இணையம் அறுந்துவிடாதிருக்க மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓடவிட வேண்டியிருந்தது. ஆனால் டிஎன்எஸ் மாறினால், நாம் கேட்ட தளத்துக்குப் பதில் வேறு தளம் வரும்; ஒன்றும் கேட்காதபோது உலாவியைத் தானாகத் திறக்க அதனால் முடியாது. ரூட்டரிலேயே மாறியிருந்தால் அதே வைஃபையில் உள்ள கைப்பேசிகளும் தப்பாது. தம்பி இரண்டையும் ஏற்கெனவே பார்த்துச் சொல்லிவிட்டார். ஆயினும் ரூட்டரின் அட்மின் கடவுச்சொல் வாங்கியபோது இருந்ததாகவே இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுவது நல்லது.

ஃபார்மேட் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பணம் நடமாடும் கணினியாக இருப்பதால், காரணம் தெரிந்த பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதே என் யோசனையும். வரிசைதான் முக்கியம்: முதலில் காரணம், பிறகு டேலி தரவை வெளி வட்டில் பிரதி எடுப்பது, அதற்குப் பிறகே ஃபார்மேட். காரணம் தெரியாமல் செய்தால், டவுன்லோட்ஸ் கோப்புறையைப் பத்திரமாகப் பிரதி எடுத்துவைத்து, புதிய விண்டோஸில் அதே கோப்பைத் திறந்து பழைய கதையைத் தொடங்கிவிடுவோம். கடவுச்சொற்களை இந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றாதீர்கள்; நல்ல நிலையில் உள்ள கைப்பேசியிலிருந்து மாற்றி, பிற சாதனங்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள். வங்கியில் நீங்கள் அறியாத பரிமாற்றம் ஏதும் தென்பட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

புதிதாக நிறுவுவதாக இருந்தால் விண்டோஸ் 10ஐயே மறுபடி போட வேண்டாம். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

ஈரோடு சர்வீஸ்காரர்

அம்மணி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில், இந்த உலாவி நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று வருகிறதா என்று பாருங்கள். கல்லூரிக் கணினியில் அப்படி வந்தால் இயல்பு. ஜாப் ஒர்க் யூனிட்டில் யார் நிர்வகிக்கிறார்கள்? அப்படி வந்தால், நீக்க முடியாதபடி ஒரு நீட்டிப்பை நிர்வாகக் கொள்கை (பாலிசி) வழியாகத் திணித்திருக்கவும் கூடும். மேலும், குரோமில் கணக்கு ஒத்திசைவு இருந்தால், கெட்ட நீட்டிப்பு புதிய கணினிக்கும் பின்னாலேயே வந்து சேரும்.

திருப்பூர்க் கணக்கர்

அண்ணா, நிர்வகிக்கப்படுகிறது என்ற வரி இல்லை. நீட்டிப்பும் ஒன்றுகூட இல்லை. ரூட்டரின் கடவுச்சொல் வாங்கிய நாளில் இருந்ததாகவே இருந்தது, மாற்றிவிட்டேன்.

அக்கா, விபிஎஸ் கோப்பு உருவானது கடந்த மாதம் 18ஆம் தேதி காலை 11.42. டவுன்லோட்ஸில் அதே நாள் 11.40க்கு இறங்கிய கோப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பத்து வருடத்துக்கு முன் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வாடகை ஒப்பந்தம் ஒன்று, இப்போது திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. முதலாளி அவசரமாகக் கேட்டதால், தமிழ் எழுத்துருவை மாற்றித் தரும் இலவச மென்பொருள் என்று தேடி, முதலில் வந்த தளத்திலிருந்து இறக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று ஐந்தாறு முறை அழுத்தினேன். ஒப்பந்தமும் மாறவில்லை, மென்பொருளும் திறக்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். மூன்று வாரமாக உதவியாளர் பையன்மீது மனதுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விபிஎஸ் வரியின் டிக் குறியை எடுத்து, டாஸ்க் ஷெட்யூலரில் இருந்த வேலையையும் அழித்தேன். நேற்றும் இன்றும் நோட்டில் 9.37 முதல் 6.37 வரை எழுதிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு முறைகூட வரவில்லை. ஜிஎஸ்டி, வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை முதலாளியின் கைப்பேசியிலிருந்து மாற்றிவிட்டோம். டேலி தரவைப் பிரதி எடுத்தாகிவிட்டது. டவுன்லோட்ஸ் கோப்புறையைப் பிரதி எடுக்கவில்லை. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 போட்டு முடித்ததும், 12ஆம் தேதி விண்டோஸைப் புதிதாக நிறுவக் கடையில் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாடகை ஒப்பந்தம் மட்டும் இன்னும் குறிகளாகவே இருக்கிறது.

ஈரோடு சர்வீஸ்காரர்

அதற்கு எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டாம், தம்பி. ஒப்பந்தத்தின் முதல் வரியை மட்டும், பெயரும் தொகையும் இல்லாமல், எந்த எழுத்துருவில் அடித்தது என்பதோடு இங்கே ஒட்டுங்கள். நான்கு பக்கம்தான் என்றால், எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டாலும், அச்சிட்ட பழைய தாளைப் பார்த்துப் புதிதாக அடித்துவிடலாம். அரை மணிதான் ஆகும்.

திருப்பூர்க் கணக்கர்

மூன்று பக்கம்தான், அண்ணா. அச்சிட்ட தாள் பீரோவில் இருக்கிறது. அடித்துவிடுகிறேன்.